வெனிஸில் எரிந்த கதவு, சியெனாவில் எரிந்த மரம்

ஐரோப்பிய வரலாறு கற்பிக்கும் நான், "நெப்போலியன் இத்தாலிய யூதர்களுக்கு விடுதலை அளித்தார்" என்ற வரியை ஆண்டுதோறும் விடைத்தாள்களில் காண்கிறேன். அது பொய்யன்று, ஆனால் அத்தோடு நிறுத்திக்கொள்ளும் மாணவருக்கு, அந்த விடுதலைக்கு யூதர்கள் கொடுத்த விலை தெரியாமலே போய்விடுகிறது.

வெனிஸ் குடியரசு 1516-இல் யூதர்களைக் கெட்டோ என்னும் தனிக் குடியிருப்பில் அடைத்தது. இரவில் அதன் கதவுகள் பூட்டப்பட்டன. காவலர்களின் கூலியையும் உள்ளே அடைபட்டவர்களே கொடுக்க வேண்டியிருந்தது. கதவின் கீல்கள் பதிந்திருந்த குழிகள் வாயிற்கல்லில் இன்றும் தெரிகின்றன. அந்தப் படத்தைக் காட்டாமல் நான் இப்பாடத்தைத் தொடங்குவதில்லை. 1797 மே மாதம் குடியரசு வீழ்ந்து நெப்போலியனின் பிரெஞ்சுப் படை நுழைந்தபின், ஜூலை 10 அன்று கதவுகளைப் பெயர்த்தெடுத்துக் கெட்டோவின் சதுக்கத்திலேயே எரித்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் சின்னமான சுதந்திர மரம் நட்டு, சுற்றி நின்று ஆடினார்கள். யூதர்களுக்கு நகராட்சியிலும் இடம் கிடைத்தது. அக்டோபரிலேயே, கம்போ ஃபோர்மியோ உடன்படிக்கையில், நெப்போலியன் வெனிஸை ஆஸ்திரியாவுக்குக் கொடுத்துவிட்டார்.

நடு இத்தாலியிலுள்ள சியெனா நகரில் நடந்தது இதைவிடக் கொடியது. 1799-இல் பிரெஞ்சுப் படைகள் பின்வாங்கியபோது, அருகிலுள்ள அரெட்சோ நகரிலிருந்து "விவா மரியா" (மரியாள் வாழ்க) என்ற முழக்கத்தோடு கிளம்பிய கும்பல், யூதர்கள் பிரெஞ்சுக்காரரின் ஆட்கள் என்ற பழியைச் சுமத்தி, ஜூன் 28 அன்று கெட்டோவுக்குள் புகுந்து 13 பேரின் உயிரைப் பறித்தது. அவர்களுள் சிலரைச் சுதந்திர மரத்தின் கட்டைகளோடு சேர்த்து நகரச் சதுக்கத்தில் எரித்தார்கள். வெனிஸில் எந்த மரத்தைச் சுற்றி ஆடினார்களோ, அதே பெயர் கொண்ட மரம் இங்கே விறகாயிற்று. ரோமில் 1798-இல் கிடைத்த சம உரிமையும் நிலைக்கவில்லை. அங்கே கெட்டோ வாழ்க்கை முற்றிலும் முடிவுக்கு வர 1870 ஆயிற்று.

வடமேற்கு இத்தாலியின் பியெட்மாண்டிலுள்ள ஃபொஸ்ஸானோ ஊர் யூதர்களின் நினைவோ வேறு விதமானது. 1796-இல், பஸ்கா என்னும் யூதத் திருவிழா நாட்களில், கும்பலுக்கு அஞ்சி அவர்கள் தொழுகைக்கூடத்தில் ஒதுங்கியிருந்தபோது, பிரெஞ்சுப் பீரங்கிக் குண்டு ஒன்று அங்கே வந்து விழுந்தது; உள்ளிருந்த எவருக்கும் காயமில்லை, தாக்க வந்தவர்களோ ஓடிப்போனார்கள். யூதர்களை அழிவிலிருந்து காத்த எஸ்தர் அரசியின் கதையைக் கொண்டாடும் பூரிம் திருநாளின் பெயராலேயே அந்நாளையும் ஆண்டுதோறும் கொண்டாடினார்கள். குண்டு பிரெஞ்சுப் படையுடையது. அவர்கள் நன்றி சொன்னதோ இறைவனுக்கு.

ஆகவே அந்த வரியை நான் அடித்துவிடுவதில்லை. எந்த ஊரில், எந்த ஆண்டில், எத்தனை மாதங்களுக்கு என்று ஓரத்தில் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுக்கிறேன்.