எடை போடாத படகுக்கு டிரைவ் வாங்காதீர்கள்

போன தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து வெளிக்கடலுக்குக் கிளம்பிய ஒரு முப்பது அடி உல்லாசப் படகு, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடைகிற இடத்தில் நின்றுபோனது. எஞ்சின் நிற்கவில்லை. எஞ்சின் அலறியது, ஆர்பிஎம் முள் மேலே ஓடியது, படகுதான் நகரவில்லை. உள்ளே எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அலை படகைக் குறுக்கே திருப்பிக் கருங்கல் பக்கம் தள்ள ஆரம்பித்த நேரத்தில், வீராம்பட்டினத்து ஃபைபர் படகுக்காரர் ஒருவர் கயிறு வீசி இழுத்து வந்து கரை சேர்த்தார். அவர் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால் என்ற நினைப்பு இன்னும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது, ஏனென்றால் அந்தப் படகுக்குப் பெரிய எஞ்சின் ஏற்றிக் கொடுத்தது நான்தான்.

கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின் வேலையில் தொடங்கி, இப்போது பல வருடமாகப் புதுச்சேரியில் சொந்தமாகப் படகு வைத்திருப்பவர்களுக்கு வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் பவர் ஏத்த முடியுமா?" ஏற்றலாம். ஆனால் அந்தப் பவரைத் தண்ணீரில் சேர்க்கிற லெக், அதாவது படகின் பின்னால் தொங்குகிற டிரைவ், அதைத் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் படகை ஷெட்டுக்குக் கொண்டுவந்து லெக்கின் அடியில் இருக்கிற டிரெய்ன் ஸ்க்ரூவைக் கழற்றினோம். அதன் முனையில் ஒரு காந்தம் இருக்கும். நல்ல நிலையில் இருக்கிற டிரைவில் அந்தக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பூச்சு மட்டும் ஒட்டியிருக்கும், விரலில் தேய்த்தால் வழுவழுவென்று போய்விடும். அன்றைக்கு வந்தது ஊசி ஊசியாகச் சிராய்கள், பின்னாலேயே கடலைப்பருப்பு அளவில் ஒரு துண்டு. துடைத்துப் பார்த்தால் கியர் பல்லின் மூக்கு. மேல் கியர்பாக்ஸைத் திறந்தபோது பினியனில், அதாவது சின்னக் கியரில், மூன்று பல் முழுசாக இல்லை. உடைந்த முகத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி புதுசாகப் பளபளத்தது. அதாவது விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது, முகத்துவாரத்தில் அடித்த அடி கடைசி அடி, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் படகுக்குள்ளே, புரொப்பெல்லரோடு கூடிய லெக் வெளியே தொங்கும், அதுதான் ஸ்டெர்ன்டிரைவ். வோல்வோ பென்டா 1959இல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் கொண்டுவந்த அமைப்பு, இன்றைக்கு மெர்க்ரூசர் உட்பட எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். எஞ்சினின் சுழற்சி யூ-ஜாயின்ட் வழியாக (லாரி பட்டறையில் கிராஸ் என்பார்களே, அதுதான்) பின்பக்கம் போய், மேல் கியர்பாக்ஸில் ஒருமுறை திரும்பிக் கீழே இறங்கி, கீழ் கியர்பாக்ஸில் இன்னொருமுறை திரும்பிப் புரொப்பெல்லருக்குப் போகும். இரண்டு இடத்திலும் செங்கோணத்தில் திரும்ப வேண்டும், இரண்டு இடத்திலும் கிரவுன் பினியன் மாதிரியான சாய்வுப்பல் கியர்கள். எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் அத்தனை முறுக்குவிசையும் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு பல்லின் முகத்தில்தான் உட்காருகிறது.

அந்தப் படகில் முதலில் இருந்தது 430 எச்பி வி8. நிமிடத்துக்கு 4,800 சுற்றில் கணக்குப் போட்டால் சுமார் 640 நியூட்டன் மீட்டர் முறுக்கு. நான் ஏற்றிய 520 எச்பி எஞ்சின் 5,000 சுற்றில் சுமார் 740. பதினாறு சதவீதம்தானே கூடியது, டிரைவ் தாங்கும் என்று கேட்லாக்கும் சொன்னது, விற்றவரும் சொன்னார். ஆனால் பால் பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் படிக்கு எதிராகக் குறையும். பதினாறு சதவீதம் சுமை ஏறினால் ஆயுளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இதுகூடப் பரவாயில்லை, கேட்லாக்கில் இருக்கிற எச்பி எண் எந்த எடைப் படகுக்கு என்று பலர் பார்ப்பதே இல்லை. அங்கேதான் நானும் தவறினேன்.

இலேசான படகு, ஆக்சிலேட்டரைத் தள்ளினால் முன்னால் பாய்ந்துவிடும். புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடித்ததும் படகு விட்டுக்கொடுக்கிறது, பல்லுக்கு அடி குறைவு. கனமான படகு அப்படி விட்டுக்கொடுக்காது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள், லோடோடு மேட்டில் கிளட்ச்சைப் படாரென்று விட்டால் முன் சக்கரம் தூக்கும், இல்லையென்றால் பின்னால் ஏதாவது ஒன்று உடையும். கனப் படகு ஒவ்வொரு முறை மூக்கைத் தூக்கித் தண்ணீர் மேல் ஏறி ஓடத் தொடங்கும்போதும் அதே மேடுதான். இலேசான படகு நாலு விநாடியில் தாண்டுகிற அந்தக் கட்டத்தை இது பன்னிரண்டு, பதினைந்து விநாடி முழு ஆக்சிலேட்டரில் இழுக்கும், அதுவும் எஞ்சின் அதிகபட்ச முறுக்கு தருகிற நடுச் சுற்றில். இதோடு நம் கடல். வங்காள விரிகுடாவில் நமக்கு மறைப்பு என்று ஒரு தீவும் இல்லை, வாடை அடிக்கிற மாதங்களில் முகத்துவாரத்தில் அலை உயர்ந்தால் லெக் காற்றில் வந்துவிடும், எஞ்சின் ஒரு நொடியில் தாறுமாறாக ஏறும், அப்படியே புரொப்பெல்லர் தண்ணீரில் விழும். அந்த அடி முழுசும் பல்லுக்கும் கிராஸுக்கும்தான். படகு அலையை விட்டு எழும்பும்போது ஆக்சிலேட்டரை இழுத்துவிட்டு, விழுந்து உட்கார்ந்த பிறகு கொடுக்கிற பழக்கம் ஓட்டுபவரின் கையில் இருந்தால், எந்த விலை உயர்ந்த கியர் செட்டையும்விட அது அதிகம் காப்பாற்றும்.

சரி, அந்தப் படகு எவ்வளவு கனம்? கம்பெனி புத்தகத்தில் 3,900 கிலோ. உடைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது, டிரெய்லரோடு கடலூர் சாலையில் இருக்கிற லாரி எடை மேடைக்கு ஓட்டிப்போனோம். வண்டியோடு 6,350. படகை இறக்கிவிட்டு வெறும் வண்டியை ஏற்றினால் 1,220. ஆக, பாதி டாங்க் பெட்ரோலோடு படகு மட்டும் 5,130 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோதான், 250 லிட்டர் என்றாலும் 190 கிலோவைத் தாண்டாது. மீதி எங்கிருந்து வந்தது? பிறகு வைத்த ஜெனரேட்டரும் ஏசியும், நாலு பேட்டரி, நங்கூரச் சங்கிலி, பிரிட்ஜ், சோபா. எல்லாவற்றையும் கூட்டியும் கணக்கு உதைத்தது. தளத்துக்கு அடியில் ஒரு சின்னத் துளை போட்டுப் பார்த்தோம். மிதப்புக்காக அடைத்திருக்கிற நுரை முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தது, துளையில் விரல் வைத்து அழுத்தினால் பழுப்பாக ஒழுகியது. சாம்பாரில் ஊறின இட்லி போல. எட்டுப் பேரையும் முழு டாங்க்கையும் சேர்த்தால் அன்றைக்கு அந்த டிரைவ் தள்ளியது கிட்டத்தட்ட 5,900 கிலோ.

ஒரு எடை மேடைச் சீட்டுக்கு ஆகிற செலவு, ஒரு ஓ-ரிங் செட்டின் விலைகூட இல்லை. பழைய படகு வாங்குகிறவர்கள், பவர் ஏற்ற நினைக்கிறவர்கள், தயவுசெய்து முதலில் அங்கே போங்கள்.

அதோடு டிரான்சம், அதாவது லெக் தொங்குகிற பின் சுவர். அதற்குள் பிளைவுட் இருந்தால் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மந்தமாகக் கேட்கிற இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். அழுகின சுவரில் பெரிய எஞ்சினின் தள்ளுவிசையைச் சாய்ப்பது உயிர் விஷயம்.

எடை தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது புரொப்பெல்லரும் கியர் விகிதமும், டிரைவின் பெயர் அப்புறம்தான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் முழு ஆக்சிலேட்டரில் எத்தனை சுற்று வர வேண்டும் என்று ஒரு எல்லை உண்டு. முழு டாங்க், வழக்கமாக வருகிற அத்தனை பேர், அந்த நிலையில் எல்லையின் மேல் பக்கத்தைத் தொட வேண்டும். அந்த 520 எச்பி எஞ்சினுக்கு 4,800 முதல் 5,200 வரை. சோதனை ஓட்டத்தில் நானும் உரிமையாளரும் இரண்டே பேர் இருந்தபோதே 4,300தான் வந்தது. வேகம் நன்றாக இருந்தது, அவருக்கும் சந்தோஷம், நான் விட்டுவிட்டேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அது எஞ்சின் திணறுகிற அறிகுறி, டாப் கியரில் பாலம் ஏறுவது போல. புரொப்பெல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் அது முன்னால் போக வேண்டிய தூரம்) ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும், அதனால் 21 பிட்ச்சிலிருந்து 19க்கு இறக்கினாலும் எல்லைக்குள்ளே வந்திருக்காது. அப்படியென்றால் தப்பு கியர் விகிதத்தில் இருக்கிறது.

அந்த லெக்கின் விகிதம் 1.5, எஞ்சின் ஒன்றரை சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. இலேசான வேகப் படகுக்கு அது சரி. ஐந்தரை டன் குடும்பப் படகுக்கு 2.0, 2.2 மாதிரி இறக்கிய விகிதம்தான் வேண்டும், புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றும், பெரிய இலையால் நிறையத் தண்ணீரைப் பிடித்துத் தள்ளும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தவறவிடுவார்கள். விகிதத்தை இறக்கினால் எஞ்சின் பக்கம் சுலபமாகும், ஆனால் குறைப்புக்குப் பிறகு வருகிற ஷாஃப்ட்டும் கியரும் தாங்க வேண்டிய முறுக்கு அதே அளவு கூடும். 640 நியூட்டன் மீட்டர் 1.5 வழியாக வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் 960, 2.2 வழியாக வந்தால் 1,400ஐத் தாண்டும். அதனால் மேல் கியர்பாக்ஸை மட்டும் வலுவானதாக மாற்றிவிட்டுக் கீழ் பாதியைப் பழையதாக விட்டால், உடைகிற இடம் ஒரு அடி கீழே இறங்கும், அவ்வளவுதான். மேல், கீழ், கிராஸ், எஞ்சினை ஷாஃப்ட்டோடு இணைக்கிற கப்ளர், எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகப் பாருங்கள்.

கனமான குடும்பப் படகுக்கு என் கை முதலில் போவது எதிரெதிராகச் சுற்றுகிற இரட்டைப் புரொப்பெல்லர் லெக்குக்குத்தான். வோல்வோ பென்டா 1982இல் டியோபுரொப் என்று கொண்டுவந்தது, மெர்க்ரூசரில் பிராவோ த்ரீ. தண்ணீரைப் பிடிப்பது நன்றாக இருக்கும், தூக்கின மூக்கு சீக்கிரம் இறங்கிப் படகு தண்ணீர் மேல் ஓடத் தொடங்கும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்காது, ஜெட்டியில் பின்னால் எடுக்கும்போது நேராக வரும். மிக அதிக வேகத்தில் தண்ணீரின் இழுவை கூடும், கல்லில் தட்டினால் இரண்டு புரொப்பெல்லர் செலவு, அதையும் சொல்லிவிட வேண்டும். பாரடைஸ் பீச் வரை பிள்ளைகளோடு போய் வருகிறவருக்கு அந்த வேகம் எதற்கு? லெக்கைத் தூக்கி வைத்து, புரொப்பெல்லர் பாதி தண்ணீருக்கு வெளியே சுற்றுகிற ரேஸ் அமைப்புகளை இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. கனத்த படகில் அது பிடிப்பே இல்லாமல் நுரையைத்தான் கிளப்பும்.

நம் ஊருக்கென்று இன்னொன்று. தேங்காய்த்திட்டிலும் உப்பனாற்றிலும் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலும் தண்ணீர் ஒரு நேரம் உப்பு, ஒரு நேரம் மழைத் தண்ணீர் கலந்தது. லெக் அலுமினியம். இங்கே அனோடு (லெக்குக்குப் பதிலாக அரித்துப்போவதற்காக மாட்டுகிற உலோகக் கட்டி) அலுமினியத்தில்தான் போட வேண்டும், மெக்னீசியம் நல்ல தண்ணீருக்கு மட்டும். விசைப்படகுக்கு அடிக்கிற செம்பு கலந்த பெயின்ட்டை லெக்கில் அடித்துக்கொண்டு வருகிறார்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். கிராஸை மூடியிருக்கிற மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸை வருடத்துக்கு ஒருமுறை விரித்து மடிப்புக்குள் பாருங்கள், அது கிழிந்தால் கிராஸும், ஷாஃப்ட்டைத் தாங்குகிற கிம்பல் பேரிங்கும் போவதோடு படகுக்குள்ளே தண்ணீர் வரும். கியர் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது, அந்த ஆயிலோடு ஒரு ரவுண்டுகூடப் போகாதீர்கள். லெக்கைக் கழற்றுகிற ஒவ்வொரு முறையும் எஞ்சினும் லெக்கும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று காட்டுகிற அலைன்மென்ட் கம்பியை விட்டுப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அது இரண்டு விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும், சுத்தியல் எடுத்தால் அவரை மாற்றுங்கள்.

அந்தப் படகுக்கு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். ஊறின நுரையை வெட்டி எடுத்தோம், ஜெனரேட்டரையும் சோபாவையும் இறக்கினோம், 600 கிலோ போனது. 520 எச்பிக்குத் தகுந்த கனரக லெக் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஸ்டீயரிங்கும் ஹைட்ராலிக்காக மாற்ற வேண்டியிருக்கும் என்றேன். அதோடு, ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த அவருடைய பழைய 430 எஞ்சினையும் காட்டினேன். உரிமையாளருக்கு இரண்டு வாரம் மனசு ஒப்பவில்லை, செலவழித்த பணம் அப்படி. கடைசியில் பழைய எஞ்சின், அதே டிரான்சம் பிளேட்டில் பொருந்துகிற இரட்டைப் புரொப்பெல்லர் லெக், 2.2 விகிதம் என்று முடிவு செய்தார். ஏற்றியதில் என் கூலியை நான் வாங்கவில்லை, வாங்க மனசு வரவில்லை.

சித்திரையில் அதே எட்டுப் பேரையும் முழு டாங்க்கோடு ஏற்றிப் பார்த்தோம். ஏழு விநாடியில் மூக்கு இறங்கியது, முழு ஆக்சிலேட்டரில் 4,850. இருபது மணி நேரம் ஓடின பிறகு டிரெய்ன் ஸ்க்ரூவைக் கழற்றிக் காந்தத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். சாம்பல் பூச்சு மட்டும். வேட்டி நுனியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார், புது வாஷர் போட்டு முடுக்கினேன்.