பாட்டியிடம் வருஷம் கேட்காதீர்கள்

முதியவர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்வது என் வேலை. ராமேசுவரம் தீவுக்குத்தான் அதிகம் போயிருக்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தபோது இருபது வயதில் இருந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். அதில் போனவர் அன்று என்ன சட்டை போட்டிருந்தார் என்பது அவர் வீட்டில் மிச்சமிருக்கும் ஒருவருக்குத்தான் தெரியும்.

அப்படி ஒரு பாட்டியிடம் முதல் நாளே தப்பு செய்தேன். "எந்த வருஷம் கல்யாணம்? அப்போ உங்களுக்கு என்ன வயசு?" என்று அடுக்கினேன். "அதெல்லாம் யாரு கண்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சும்மா இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "பொயலடிச்சு மூணாம் மாசம் மூத்தவன் பொறந்தான்" என்றார். கணக்குப் போட்டால் 1965 மார்ச்! நம் பெரியவர்களின் காலண்டரில் பிரசவமும் புயலும் பஞ்சமும்தான் தேதிகள்.

ரயிலில் போன அண்ணனைப் பற்றிக் கேட்டபோது "என்னத்தச் சொல்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஒப்பாரி வைத்தீர்களா என்று கேட்டேன். மருமகளைப் பார்த்தார். நல்லா இருக்கிற வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. சரி என்று மறுநாள் கடற்கரையில், ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில் போய் உட்கார்ந்தோம்.

ரயிலேறிப் போனவுகளே – நான்
ராமுழுக்கக் காத்திருந்தேன்
அலையேறி வந்திருந்தா – என்
அண்ணனுன்னு அறிவேனோ

பாடி முடித்து மூக்கைச் சிந்தியவர், நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பேசினார். நீலக்கோடு போட்ட சட்டை. தங்கச்சிக்கென்று வாங்கிய கண்ணாடி வளையல். முன்தினம் கேட்டபோது வராத அத்தனையும் பாட்டுக்குப் பின்னால் வந்தன. பேச்சு தடுமாறும் இடத்தில் சந்தம் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது. மறதி நோய் வந்தவர்கள்கூடச் சின்ன வயதில் பாடிய தாலாட்டை, நடவுப்பாட்டை அடி பிசகாமல் பாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

"பழசையே பேசுறாங்க" என்று வீட்டில் சலித்துக்கொள்கிறோம். முதுமையில் கடந்ததைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான மனவேலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963லேயே எழுதிவிட்டார். பேசவிடுங்கள். குறுக்கே புகுந்து "அப்படி இல்லம்மா" என்று திருத்தாதீர்கள். எனக்குத் தெரிந்து அதிகக் கதைகளைக் கொன்றது அந்த ஒரு வாக்கியம்தான்.

பதிவு செய்ய உங்கள் போனே போதும். டிவியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, நன்றாகக் கேட்கிற காதின் பக்கம் உட்காருங்கள். அவர் சம்மதத்தோடுதான் பதிவு செய்ய வேண்டும். தொடங்கும்போதே அவர் பெயர், ஊர், அன்றைய தேதி மூன்றையும் குரலில் சொல்லிவிடுங்கள். இருபது வருஷம் கழித்துக் கேட்பவருக்கு அது வேண்டும். போன் மாற்றும்போது தொலைந்த குரல்கள் நிறைய. மூலக் கோப்பை அன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் ஏற்றிவிடுங்கள்.

அந்தப் பாட்டியின் பேத்தி பதிவை மூன்று தடவை கேட்டாள். "இப்படி ஒரு தாத்தா இருந்தாரா?" என்றாள். அப்புறம் பாட்டியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "வளையல் என்ன கலரு?" என்று கேட்டாள்.