ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்பது ‘அழுத்தச் சோதனை’ அல்ல

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா, மருத்துவர் கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். மேடு ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது என்று போனவர். சீட்டில் ‘மன அழுத்தப் பரிசோதனை’ என்று அச்சடித்திருந்தது. படித்துக் காட்டியதும், “எனக்கு மனசுல ஒண்ணும் இல்லீங்களே, நெஞ்சுதான வலிக்குது” என்று சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அது மனதைப் பற்றிய சோதனை இல்லை, இதயத்தைப் பற்றியது என்று விளக்கி அவரை அனுப்பிவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டுக்கு இந்த மொழிபெயர்ப்பை முகாம் தட்டிகளிலும் துண்டறிக்கைகளிலும் அடிக்கடி பார்த்துவிட்டேன். சில இடங்களில் ‘மன’ போய் ‘இதய அழுத்தச் சோதனை’ ஆகிறது. அதிலும் குழப்பம் குறைந்தபாடில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்ட்ரெஸ் என்பதன் வேர், இறுக்கிக் கட்டுதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல். பொறியியலில் பொருளின் மீது விழும் விசையைக் குறித்தது. 1936-இல் மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே உடலுக்கு நேரும் பலவகைத் தாக்கங்களைப் பற்றி எழுதிய பிறகு, உடலியலிலும் பிறகு அன்றாடப் பேச்சிலும் புகுந்தது. ஆனால் இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்க்கும் வழக்கம் அதற்கும் முந்தையது. 1929-இலேயே அமெரிக்க மருத்துவர் ஆர்தர் மாஸ்டர் நோயாளிகளைச் சிறு படிகளில் ஏறி இறங்கச் சொல்லிச் சோதித்தார். அந்தப் படிகளுக்கும் மனக்கவலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தச் சோதனையின் பெயரில் ஸ்ட்ரெஸ் என்பது இதயத்தின் மீது ஏற்றும் பளு, அவ்வளவுதான்.

பளு ஏன் ஏற்ற வேண்டும்? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போது தேவையான ரத்தம் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எடுக்கும் ஈ.சி.ஜி. சுத்தமாகவே இருக்கலாம். மேடு ஏறினால் இதயத்தின் தேவை பல மடங்காகும், குழாயால் ஈடுகொடுக்க முடியாது. குறை அப்போதுதான் வரைபடத்தில் தெரியும். அதனால்தான் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, கையில் பிரஷர் பட்டையைக் கட்டி, டிரெட்மில் என்ற ஓடும் பட்டையின் மீது நடக்க விடுகிறார்கள். பெரும்பாலும் பின்பற்றுவது சியாட்டில் மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை. முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த 3 நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். அதற்கடுத்து 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். 10 சதவீதம் என்றால் நூறடி நடப்பதற்குள் பத்தடி உயர்வது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் வீட்டுக்குப் போகும் வழியே பலருக்கு அதைவிடச் செங்குத்து.

இனி ‘அழுத்த’த்துக்கு வருகிறேன். தமிழில் அழுத்தம் என்ற சொல்லின் மேல் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமத்தியிருக்கிறோம். காற்றழுத்தம் அதுதான், ரத்த அழுத்தமும் அதுதான். மன அழுத்தம் என்பதை ஒருவர் மனநெருக்கடிக்கு எழுதுகிறார், இன்னொருவர் மனச்சோர்வு நோய்க்கே எழுதுகிறார். இத்தனைக்கும் நடுவில் ‘இதய அழுத்தச் சோதனை’ என்று போட்டால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? ‘பிரஷர் பார்க்கிறார்கள்’ என்றுதான். பிரஷர் பார்க்க யாரும் தயாராகப் போவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு, ரப்பர் செருப்பும் சேலையுமாகக் கோவைக்கு இறங்குகிறார்கள். அங்கே போனால் இன்று முடியாது, நாளை வாருங்கள் என்கிறார்கள். மலையில் இருப்பவருக்கு ‘நாளை வாருங்கள்’ என்பது ஒரு நாள் கூலியும், மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இன்னொரு தடவை குமட்டலும்.

தூய தமிழ் விரும்பும் நண்பர்கள் சிலர் ‘இதயத் தகைவுச் சோதனை’ என்கிறார்கள். இயற்பியல் பாடநூலில் ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தகைவு என்றே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இரும்புக் கம்பியை இழுக்கும் கணக்குக்கு அது நல்ல சொல், அங்கேயே இருக்கட்டும். ஆனால் பேச்சுத் தமிழில் தகைதல் என்றால் கூடிவருதல். வரன் தகைந்தது, இடம் தகைந்தது என்போம். நெஞ்சு வலியோடு வந்தவருக்கு இது ஒன்றையும் உணர்த்தாது. எனக்கும் தமிழ்ச்சொல்தான் வேண்டும். ஆனால் கேட்டவுடன் என்ன செய்யப் போகிறார்கள் என்று விளங்காத சொல், அது எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும், நோயாளிக்குப் பயன்படாது.

மூன்றாவது ‘ஓடுபொறிச் சோதனை’. இதைக் கேட்ட வயதானவர்கள், “இந்த முழங்காலோட நான் ஓடறதா?” என்று பயந்துவிடுகிறார்கள். பலருக்கு முதல் இரண்டு கட்டத்திலேயே முடிந்துவிடும், அது முழுக்க நடைதான். டிரெட்மில் டெஸ்ட் என்பதைச் சுருக்கி டி.எம்.டி. என்று சொன்னாலோ, பாதிப் பேருக்கு வீடு கட்டும் கம்பிதான் ஞாபகம் வரும்.

நான் சொல்வது ‘இதய உழைப்புச் சோதனை’. உழைப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறுகிறவருக்குத் தன் இதயம் உழைப்பது தெரியும், அந்த நேரத்தில்தான் வலிக்கிறது என்பதும் தெரியும். இன்னொரு வசதியும் உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு டோபுடமின் போன்ற மருந்தை ஏற்றி இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்துப் பார்ப்பார்கள். அதை நடைச் சோதனை என்று சொல்ல முடியாது, ‘மருந்து உழைப்புச் சோதனை’ என்று சொல்லலாம். பட்டையில் நடப்பதை ‘ஏறுநடை உழைப்புச் சோதனை’ என்று பிரித்துக் காட்டலாம்.

பெயர் சரியாக இருந்தால் தயாரிப்பும் தானாகப் புரியும். உழைக்கப் போகிறோம் என்று தெரிந்தால் வயிறு முட்டச் சாப்பிட மாட்டோம். பொதுவாக இரண்டு மூன்று மணி நேரம் முன்பே லேசாக முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். நல்ல பிடிப்புள்ள ஷூ, தளர்வான சுடிதார் அல்லது பேன்ட் போட்டுக்கொள்வோம். டீ விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் அதை யாரும் உணவாகவே கணக்கில் எடுப்பதில்லை. அடினோசின் என்ற மருந்து கொடுத்துச் செய்யும் சோதனையில், டீயிலும் காப்பியிலும் இருக்கும் காஃபீன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. 12 முதல் 24 மணி நேரம் தொடக்கூடாது என்பார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது.

220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத் துடிப்பை எட்டுவதுதான் வழக்கமான இலக்கு. 60 வயதுக்காரருக்கு 136. எட்டியே தீர வேண்டும் என்று பல்லைக் கடிக்க வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள். அந்த வலி எப்போது வந்தது என்பதே மருத்துவருக்குப் பெரிய செய்தி.

அப்புறம், முடிவைச் சொல்லும் தமிழ். குறை தெரிகிறது என்ற பொருளில் வரும் ‘பாசிட்டிவ்’ என்பதை ‘நேர்மறை’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நேர்மறை என்றால் நல்லது என்றுதானே எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருக்கிறோம்? இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆபத்து இதில் இருக்கிறது. ‘எஸ்.டி. டிப்ரெஷன்’ என்பது வரைபடத்தில் ஒரு கோடு கீழே தாழ்வது. அதையும் மனச்சோர்வு என்று பெயர்த்த அறிக்கையைப் பார்த்து எனக்குக் கோபமே வந்தது. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்தச் சொல் எந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

‘குறை தெரிகிறது’, ‘குறை தெரியவில்லை’ என்று எழுதினால் போதும். தெரிகிறது என்றாலும் அடைப்பு உறுதி என்று ஆகிவிடாது. குறிப்பாகப் பெண்களுக்கு, அடைப்பே இல்லாமல் கோடு தாழ்வது அதிகம். அடுத்த சோதனை செய்துதான் முடிவு சொல்வார்கள். ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றிவிடவும் கூடாது. அடைப்பு உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 30 பேருக்கு ஏறுநடைச் சோதனையில் அது பிடிபடாமல் போகலாம். அறிக்கை சுத்தமாக வந்த பிறகும் மேட்டில் நெஞ்சைப் பிடித்தால், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் மருத்துவரிடம் போக வேண்டும்.