3,000 ஆர்பிஎம்மில் வி-ட்வின் ஏன் தொய்கிறது?

இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும் வி-ட்வின் பைக்கில் கம்பெனி எக்ஸாஸ்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு நேர்க்குழாய்களை மாட்டியவர்கள் அநேகமாக ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். மேல் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு அதிகச் சுற்றுகள் சுற்றும்போது, வண்டி பறக்கிறது, சத்தம் ஊரைக் கூட்டுகிறது. ஆனால் 3,000 ஆர்பிஎம்மை ஒட்டித் திராட்டிலைத் திருகினால் இழுவையே இல்லை. "பேக் பிரஷர் போயிடுச்சு, அதான்" என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்பு எழுதிவிடுவார். தீர்ப்பு தப்பு. வெளியேறும் புகையை மறித்து நிற்கும் அழுத்தத்தால் இன்ஜினுக்கு என்ன லாபம்? அந்தக் குழாய்களில் குலைந்துபோனது நேரக் கணக்கு.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் இன்னும் கணிசமான அழுத்தம் மிச்சமிருக்கிறது. வால்வு சற்றே விலகியதும் அது குழாய்க்குள் ஓங்கி அறைகிறது. இப்போது குழாயில் இரண்டு பயணங்கள் நடக்கின்றன. ஒன்று, புகையின் பயணம்; அது ஒப்பீட்டளவில் மெதுவானது. மற்றொன்று, அழுத்த அலையின் பயணம். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் மேடு மட்டும் மறுமுனைக்கு ஓடும், கயிறு அங்கேயே இருக்கும் அல்லவா, அதுபோல. அலை ஒலியின் வேகத்தில் போகிறது. சாதாரணக் காற்றில் அது நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஆனால் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள புகையில் ஏறத்தாழ 575 மீட்டர்.

அலை குழாயின் திறந்த முனையை அடைந்ததும் என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியம். அதுவரை குழாய்ச் சுவருக்குள் நெருக்கிக்கொண்டு வந்த வாயு, வெட்டவெளியில் சட்டென்று விரிகிறது. வந்த வேகத்தில் தேவைக்கு மேலேயே வெளியே பாய்ந்துவிடுகிறது. அதனால் முனையில் ஒரு குறை அழுத்தம் உண்டாகி, அது தனி அலையாக வால்வை நோக்கித் திரும்பி ஓடுகிறது. தள்ளும் அலையாகப் போனது உறிஞ்சும் அலையாக வருகிறது.

இந்த உறிஞ்சும் அலை எப்போது வந்து சேர வேண்டும்? எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். சிறிது நேரம் இரண்டுமே திறந்திருக்கும். இதை ஓவர்லேப் என்பார்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும் அந்த நேரத்தில், அதனால் துடைத்தெறிய முடியாத பழைய புகை எரிஅறையில் தங்கியிருக்கும். அப்போது உறிஞ்சும் அலை வந்தால் அந்தப் புகையை இழுத்துப்போட்டுவிட்டு, பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் முன்பே புதுக் கலவையையும் உள்ளே இழுக்கத் தொடங்கிவிடும். செலவில்லாத ஒரு பம்ப்.

சரி, கணக்குப் போடலாம். அலை கிளம்பியதிலிருந்து திரும்பி வர வேண்டிய நேரம் வரை கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) 120 டிகிரி சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வுகளைத் திறந்து மூடும் கேமின் வடிவத்தைப் பொறுத்து இது மாறும். 6,000 ஆர்பிஎம்மில் 120 டிகிரி சுற்ற ஒரு நொடியில் 300-இல் ஒரு பங்கு ஆகும். அதற்குள் அலை ஓடும் தூரம் சுமார் 1.92 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து என்பதால் குழாயின் நீளம் 96 சென்டிமீட்டர். வால்விலிருந்தே அளக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் துவாரமும் கணக்கில் சேரும். இதே பலன் 4,000-இல் வேண்டுமென்றால் 1.44 மீட்டர் வேண்டும். நீளக் குழாய் கீழ் ஆர்பிஎம்முக்கு, குட்டைக் குழாய் மேல் ஆர்பிஎம்முக்கு என்ற பழைய பேச்சின் உள்ளர்த்தம் இதுதான்.

இப்போது அந்த 96 சென்டிமீட்டர் குழாயோடு 3,000-க்கு இறங்குவோம். இன்ஜின் பாதி வேகத்தில் சுற்றுகிறது, அலையோ அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆகவே உறிஞ்சும் அலை 60 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. சீக்கிரம் வந்த விருந்தாளி. வால்வுப் பக்கம் பெருமளவு மூடிய முனை போலவே நடந்துகொள்வதால் அலை குணம் மாறாமல் திரும்பி, மறுபடி திறந்த முனைக்கு ஓடுகிறது. அங்கே மீண்டும் குணம் மாறி, தள்ளும் அலையாகத் திரும்புகிறது. அது வந்து சேரும் நேரம் சரியாக 120 டிகிரி! உறிஞ்ச வேண்டிய இடத்தில் தள்ளு. வெளியே போக வேண்டிய புகை எரிஅறைக்குள்ளும் இன்டேக் பாதைக்குள்ளும் பின்வாங்குகிறது. 3,000-இல் விழும் பள்ளம் இதுதான். இன்னும் இறங்கி 2,000-க்கு வந்தால் மூன்றாவது வருகை மறுபடி உறிஞ்சும் அலையாக அமையும், ஆனால் அதற்குள் வலு குறைந்திருக்கும்.

இதுவரை சொன்னது ஒற்றைச் சிலிண்டருக்கும் பொருந்தும். வி-ட்வினில் சிக்கல் இரட்டிப்பு. சிலிண்டர்களுக்கு இடையே 45 டிகிரி கோணம் உள்ள ஹார்லி இன்ஜினில், பிஸ்டன்களைக் கிராங்க்கோடு இணைக்கும் இரண்டு கனெக்டிங் ராடுகளும் ஒரே கிராங்க் பின்னில் தொங்குவதால், ஒரு சிலிண்டர் வெடித்து 315 டிகிரி கழித்து அடுத்தது வெடிக்கும்; பிறகு 405 டிகிரி காத்திருப்பு. டுகாட்டியின் 90 டிகிரி இன்ஜினில் இது 270, 450. அந்த நொண்டித் தாளம்தான் ஹார்லியின் அடையாளச் சத்தம். அதை வணிகக் குறியாகப் பதிய 1994-இல் விண்ணப்பித்து, 2000-இல் வாபஸ் வாங்கினார்கள்.

காதுக்கு இனிக்கும் தாளம் குழாய்க்குக் கசக்கிறது. இரண்டு குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்தால், ஒரு சிலிண்டரின் அலை அடுத்த சிலிண்டரின் குழாய்க்குள்ளும் நுழையும். ஹார்லியின் இரு இடைவெளிகளுக்கும் வித்தியாசம் 90 டிகிரி. 3,000 ஆர்பிஎம்மில் அது 5 மில்லிநொடி. அதற்குள் அலை கிட்டத்தட்ட 2.9 மீட்டர் ஓடிவிடும், முழு எக்ஸாஸ்ட்டை விடவும் அதிகமான தூரம். ஒரு சிலிண்டருக்கு உதவியாக வரும் பக்கத்து அலை, இன்னொன்றுக்கு உபத்திரவமாக வர இதுவே போதும். குழாய்களைச் சமநீளமாக வெட்டிவிட்டாலும் இது தீராது.

சமநீளமே பெரும்பாடு என்பது வேறு கதை. டுகாட்டியில் ஒரு சிலிண்டர் முன்னால் படுத்திருக்கிறது, அதன் குழாய் கீழிறங்கி இன்ஜினைச் சுற்றி நீண்டு வரும். பின் சிலிண்டரின் குழாய் சைலன்சருக்கு மிக அருகில் கிளம்புகிறது. நீளத்தைக் கூட்ட அதை வளைத்துச் சுருட்ட வேண்டும். ரைடரின் தொடைக்குப் பக்கத்தில் அந்தச் சூட்டை எங்கே சுருட்டுவது?

இருந்தாலும் இழுவைக்கு நான் இரண்டு குழாய் ஒன்றாகும் வடிவத்தையே தேர்ந்தெடுப்பேன். வரும் இரண்டும் போகும் ஒன்றுமாக மூன்று குழாய்களும் ஒரே அளவில் கூடும் சந்தியில், வந்த அலையின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உறிஞ்சும் அலையாகத் திரும்பும். மீதி முன்னே போய்க் கடைசி முனையில் தனியாகத் திரும்பும். ஒரே பெரிய எதிரொலிக்குப் பதில் வெவ்வேறு தூரங்களிலிருந்து பல சின்ன எதிரொலிகள். உச்ச சக்தி சற்றுக் குறையலாம், பள்ளமும் ஆழம் குறையும். யமஹா 1980-களில் கொண்டுவந்த எக்ஸ்அப் வால்வு வேறு வழியில் போனது: குழாய்கள் கூடுமிடத்தில் ஒரு தடுப்பை வைத்து, கீழ் ஆர்பிஎம்மில் மோட்டாரால் பாதி மூடி, வேண்டாத அலையை அங்கேயே மழுக்கியது. மூடுவதால் இழுவை கூடியதைப் பார்த்தவர்கள், பேக் பிரஷர்தான் வேலை செய்கிறது என்று மறுபடியும் நம்பிவிட்டார்கள்.