டீகாஃப் பாக்கெட்டில் போட்டிருக்கும் 99 சதவீதம், எதில் 99?

போன மாதம் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து காபித்தூள் பாக்கெட் ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "நீங்க சொன்னீங்கன்னு டீகாஃபுக்கு மாறி மூணு வாரம் ஆச்சு மேடம். தூக்கம் வந்த பாடில்லை. போதாததுக்குத் தலைவலி வேற" என்றார். குரலில் கோபம் இருந்தது. நியாயம்தான், பிடித்த காபியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பாக்கெட்டின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "99% கஃபைன் இல்லை" என்று போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். கஃபைனை எப்படி எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம், எந்த வகைக் கொட்டை, ஒரு தகவலும் இல்லை.

உணவியல் ஆலோசகராக நான் பார்த்தவரை, டீகாஃப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகைக்கு அது மருந்து மாதிரி, அதற்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும். இன்னொரு வகைக்கு அது கெமிக்கல் ஊற்றிக் கழுவிய விஷம். டீகாஃப் பாவம், இரண்டும் இல்லை. தூக்கத்தை விரட்டும் கஃபைன் என்கிற ஒரே ஒரு பொருளைப் பெருமளவு எடுத்துவிட்ட காபி, அவ்வளவுதான். உங்கள் தொந்தரவுக்குக் காரணம் அந்த ஒரு பொருள் என்றால் உதவும், வேறு ஏதாவது என்றால் உதவாது.

சரி, முதலில் அந்த 99-ஐப் பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. காபியின் இரண்டு முக்கிய வகைகளில், அராபிகா கொட்டையில் கஃபைன் எடையில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு, 2.2 வாக்கில். அப்படிப் பார்த்தால் ஒன்றுமே செய்யாத சாதாரண அராபிகாத் தூளிலும் 98.8 சதவீதம் "கஃபைன் இல்லை"தான்! அவர் எதிரிலேயே ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். ஒரு கோப்பைக்கு 10 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம், அதில் 120 மில்லிகிராம் கஃபைன். பாக்கெட்டில் இருப்பதை அட்சரசுத்தமாக எடுத்துக்கொண்டு, தூளின் எடையில் 99 சதவீதம் கஃபைன் இல்லை என்று படித்தால், மிச்சம் 1 சதவீதம், அதாவது 100 மில்லிகிராம் வரை கஃபைன் இருக்கலாம். அதை டீகாஃப் என்று சொல்லவே முடியாது. கொட்டையில் முன்பு இருந்த கஃபைனில் 99 சதவீதத்தை எடுத்துவிட்டோம் என்று படித்தால் மிச்சம் 1.2 மில்லிகிராம்தான். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டுக்கும் அதே 99. பெரும்பாலான கம்பெனிகள் இரண்டாவதைத்தான் சொல்ல வருகிறார்கள் என்பது என் எண்ணம், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

அமெரிக்காவில் வழக்கத்தில் இருக்கும் அளவுகோல், இருந்த கஃபைனில் 97 சதவீதமாவது போயிருக்க வேண்டும் என்பது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு விதமாகக் கேட்கிறது: எவ்வளவு எடுத்தாய் என்பதை விடு, எவ்வளவு மிச்சம் வைத்தாய்? வறுத்த காபியில் 0.1 சதவீதத்துக்கு மேலும், இன்ஸ்டன்ட் தூளில் 0.3 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. எனக்கு இந்தக் கேள்விதான் பிடிக்கிறது, ஏனென்றால் உடம்புக்குள் போவது மிச்சம்தானே. 97 சதவீதம் எடுத்த ரோபஸ்டாவில் மிஞ்சுவது, அதே 97 சதவீதம் எடுத்த அராபிகாவில் மிஞ்சுவதைப்போல இரண்டு மடங்கு.

கோப்பைக் கணக்கில் சொன்னால், சாதாரண காபி ஒரு கோப்பையில் (சுமார் 240 மில்லி) 95 மில்லிகிராம் வாக்கில் கஃபைன் இருக்கும், டீகாஃபில் 2 முதல் 15 வரை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. 2006-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் விற்கும் டீகாஃபை வாங்கிச் சோதித்தபோது 16 அவுன்ஸ் (சுமார் 470 மில்லி) கோப்பை ஒன்றில் பூஜ்யத்திலிருந்து 13.9 மில்லிகிராம் வரை இருந்தது. ஆக, பூஜ்யம் என்று நினைக்காதீர்கள். ஒரு கோப்பைக்கு இது ஒன்றுமே இல்லை. "டீகாஃப்தானே" என்று ராத்திரி பத்து மணிக்குள் ஏழெட்டுக் கோப்பை இறக்குகிறவர்களுக்கும், கொஞ்சம் கஃபைனுக்கே நெஞ்சு படபடக்கும் உடம்பு வாய்த்தவர்களுக்கும் இது கணக்கில் வரும்.

அப்புறம் அந்தக் கெமிக்கல் கேள்வி. இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பிரெமன் நகரத்து வியாபாரி லூட்விக் ரோசிலியுஸ் முதன்முதலாக டீகாஃபை வியாபார அளவில் செய்தபோது கஃபைனைக் கரைத்தெடுக்கப் பயன்படுத்தியது பென்சீன். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அந்த முறை எப்போதோ கைவிடப்பட்டது. இன்று நடப்பது வேறு, ஆனால் எந்த முறையாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றே: வறுப்பதற்கு முன்பு, பச்சைக் கொட்டையாக இருக்கும்போதே, நீராவியிலோ வெந்நீரிலோ ஊறவைத்து உப்பவைத்த பிறகுதான் கஃபைனை எடுக்கிறார்கள்.

எடுப்பதற்கு மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பெயிண்ட்டை உரிக்கவும் இதுதான் என்று யாரோ ஒரு வீடியோவில் சொல்லிவிட்டார்கள், அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே என் வாய் வலிக்கிறது. பெயிண்ட் விஷயம் உண்மைதான், தொழிற்சாலையில் அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பது ஆபத்து என்பதும் உண்மை. ஆனால் அது 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும், கொட்டையை வறுப்பதோ 200 டிகிரிக்குப் பக்கத்தில். வறுத்த டீகாஃபில் மிஞ்சலாம் என்று அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு, அதாவது ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2 மில்லிகிராம். அந்த வரம்புக்குள் இருக்கும் காபியைக் குடித்ததால் யாருக்கோ ஏதோ ஆகிவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அதே சமயம், வேறு முறையில் செய்தது கிடைக்கும்போது இதைத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடிக்கவும் காரணம் இல்லை.

எத்தில் அசிடேட் இரண்டாவது கரைப்பான். பழுத்த பழங்களில் இயல்பாகவே இருக்கும் பொருள், கரும்பிலிருந்தும் தயாரிக்கிறார்கள், அதனால் பாக்கெட்டில் "இயற்கை முறை" என்றோ "கரும்பு முறை" என்றோ வரும். பொருள் நல்லதுதான், ஆனால் அந்த "இயற்கை" என்ற வார்த்தை விளம்பரத்துக்காக. அதே எத்தில் அசிடேட்டை ஆலையில் செயற்கையாகவும் செய்ய முடியும், லேபிளில் எது என்று தெரியாது.

கரைப்பானே வேண்டாம் என்கிறவர்களுக்குத் தண்ணீர் முறை இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் கஃபைனோடு ருசியும் போய்விடுமே என்று தோன்றும். அங்கேதான் சாமர்த்தியம். காபிக்கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடிய எல்லாமும், கஃபைன் மட்டும் இல்லாமல், ஏற்கெனவே நிறைந்திருக்கிற நீரில் புதுக் கொட்டையைப் போடுகிறார்கள். ருசி தரும் பொருட்கள் வெளியே போக அந்த நீரில் இடமில்லை, கஃபைனுக்கு மட்டும் இடமிருக்கிறது, அதனால் அது மட்டும் கிளம்பி வந்துவிடுகிறது. பிறகு நீரைக் கரி வடிகட்டியில் விட்டுக் கஃபைனைப் பிடித்துவிட்டு அதே நீரை மறுபடி பயன்படுத்துகிறார்கள். இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு முறை, ஜெர்மன் வேதியியலாளர் குர்ட் சோசல் கண்டுபிடித்தது. 31 டிகிரி வெப்பத்துக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே போனால் அந்த வாயு, வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்கு வந்து, கஃபைனை மட்டும் தேடிப் பிடித்துக் கரைக்கும். என்னைக் கேட்டால் கர்ப்பிணிகளுக்கும் ஒரு நாளைக்கு நாலைந்து கோப்பை குடிப்பவர்களுக்கும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்வேன். மற்றவை கெடுதல் என்பதால் சொல்லவில்லை. மனதில் ஒரு உறுத்தலோடு தினமும் எதையாவது குடிப்பதில் என்ன சுகம், அதற்காகத்தான்.

டீகாஃப் எதற்கெல்லாம் உதவாது என்பதை நானே ஒரு தவறில்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் நெஞ்செரிச்சலோடு வந்த ஒரு அம்மாவிடம் "டீகாஃபுக்கு மாறிப் பாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அதே எரிச்சலோடு வந்து நின்றார். வயிற்றில் அமிலம் சுரப்பதைத் தூண்டுவது கஃபைன் மட்டும் இல்லை, காபியில் உள்ள வேறு பொருட்களும் அதைச் செய்கின்றன, அவை டீகாஃபில் அப்படியே இருக்கின்றன. சிலருக்குக் கொஞ்சம் குறையும், சிலருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. காலையில் காபி குடித்தால்தான் வயிறு சுத்தமாகும் என்பவர்கள் கவலைப்பட வேண்டாம், குடலைத் தூண்டும் வேலையை டீகாஃபும் செய்யும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் "இதுல கஃபைன் இல்லையே" என்று டீகாஃபோடு சேர்த்து விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுப்பது காபியின் பாலிஃபீனால்கள், அவை இதிலும் உண்டு. தைராய்டு மாத்திரைக்கும் காபிக்கும் நடுவிலும் இடைவெளி விடுங்கள், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

உதவுகிற இடங்களில் கர்ப்பகாலம் முதலாவது. சாதாரணமாகக் குடித்த கஃபைனில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரம் போல ஆகும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது 15 மணி நேரம் வரை இழுக்கும். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம், இரண்டு கோப்பை சாதாரண காபியிலேயே அது முடிந்துவிடுகிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் கஃபைன் மெதுவாகத்தான் வெளியேறும். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகளோடு சேரும்போதும் அப்படியே. புகைபிடிப்பவர்களுக்கு வேகமாகப் போய்விடும், அதனால் சிகரெட்டை விட்ட வாரத்தில் வழக்கமான காபியே திடீரென்று படபடப்பைத் தரலாம். சிகரெட்டை விட்டதால் வந்த படபடப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பப் பற்றவைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பாக்கெட்டோடு வந்தவரிடம் வருவோம். ஐந்து கோப்பை குடித்துக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் முழுக்க டீகாஃபுக்கு மாறியிருக்கிறார். படிப்படியாகக் குறைக்கச் சொன்னதாகத்தான் எனக்கு நினைவு, அவர் இல்லை என்கிறார், போகட்டும். திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாள் வரை கூட நீடிக்கும். இவருக்கு மூன்று வாரமாக விடவில்லை என்பதுதான் இடித்தது. "தலைவலிக்கு என்ன போடறீங்க?" என்றேன். சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பின்பக்கம் பொடி எழுத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்ட வைத்துப் படிக்க வேண்டியிருந்தது: பாராசிட்டமால் 500 மில்லிகிராம், கஃபைன் 65 மில்லிகிராம். தினமும் ராத்திரி படுக்கும் முன் இரண்டு. ஒரு கோப்பை காபியை விட அதிகமான கஃபைனை மாத்திரையாக விழுங்கிவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று புரண்டுகொண்டிருந்திருக்கிறார். முதல் நாளே தலைவலி வந்தது என்றால், அந்தப் பாக்கெட்டில் இருந்தது உண்மையான டீகாஃப்தான் என்று ஓரளவு ஊகிக்கலாம், நான்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டேன்.

மாறுகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது, பழைய தூள் முக்கால் பங்கு, டீகாஃப் கால் பங்கு என்று கலந்து ஆரம்பியுங்கள், நாலைந்து நாளுக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றி மூன்று வாரத்தில் முழுசாக மாறுங்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் டீகாஃப் என்று தெரிந்தே குடித்தவர்களுக்கும் கஃபைனை விட்ட அவஸ்தை கொஞ்சம் குறைந்திருக்கிறது, கோப்பையைக் கையில் பிடிப்பதே பாதி மருந்து போலிருக்கிறது.

வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். டீகாஃப் கொட்டை வறுக்கும் முன்பே பழுப்பாகிவிடுவதால், அளவாக வறுத்தாலும் கருத்துத்தான் தெரியும். கருக வறுத்த சாதாரண காபியில் கஃபைன் குறைவு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, வறுப்பதால் கஃபைன் சொல்லிக்கொள்ளும்படி குறையாது. இந்தக் கொட்டையின் எண்ணெய் சீக்கிரம் மேலே வந்துவிடும், மணமும் சீக்கிரம் போகும், அதனால் வறுத்த தேதியைப் பார்த்துச் சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். முறையின் பெயர் போட்டிருந்தால் நல்லது, அராபிகாவா ரோபஸ்டாவா என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாமல் வெறும் சதவீதம் மட்டும் இருந்தால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

அவரும் எழுதிக் கேட்டார். நாலாவது நாள் பதில் வந்ததாக எனக்கு அனுப்பினார்: தண்ணீர் முறை, முழுக்க அராபிகா, இருந்த கஃபைனில் 99 சதவீதம் நீக்கப்பட்டது. மொத்தம் ஒன்றரை வரி. முன்பக்கம் அவ்வளவு பெரிய எழுத்துக்கு இடம் இருந்த பாக்கெட்டில் இதற்கு இடமில்லாமல் போய்விட்டது.