பரணும் பார்பிக்யூவும்

துபாயிலிருந்து வந்த மச்சான் பெட்டியில் 340 கிராம் கோழிக்கறி டப்பா மூன்று இருந்தது. பென்னாகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் அன்று 20 பேர். கறியை உதிர்த்து, வதக்கிய வெங்காயத்தோடு தக்காளி சாஸ், வினிகர், வெல்லம், கடுகுத்தூள் சேர்த்துச் சுருள வைத்தார். பேக்கரி பன்னைப் பிளந்து, நடுவில் இரண்டு கரண்டி. "இதான் பார்பிக்யூ சாண்ட்விச்" என்றார். பெரியம்மா விடவில்லை: "நெருப்புலயே காட்டலயே தம்பி, அப்புறம் எப்படி?"

சரியான கேள்வி. பார்பிக்யூ என்பது கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல். ஸ்பானியர் வாயில் அது 'பார்பகோவா' ஆகி, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் அது சமையலையே குறிக்கவில்லை. குச்சிகளால் உயர்த்திக் கட்டிய சட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். அதன் மேல் மீனையும் கறியையும் பரப்பி, கீழே தீமூட்டி வாட்டினார்கள். அதிலேயே படுக்கவும் செய்தார்கள். தரையிலிருந்து 3 அடி உயரக் குச்சிச் சட்டத்தில் இரவெல்லாம் படுத்திருந்ததை ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டேம்பியர் 1697-ல் வெளியான தம் பயண நூலில் இதே சொல்லால் எழுதியிருக்கிறார்.

நம் பக்கம் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை: பரண். யானையும் பன்றியும் இறங்கும் கேழ்வரகுக் கொல்லையில் காவலுக்குக் கட்டுகிறோமே, அதேதான். பரண்மேல் ஆடு வளர்ப்பது நமக்குத் தெரியும். பரண்மேல் ஆட்டை வாட்டினால் பார்பிக்யூ!

சட்டத்தின் பெயர் அதில் வெந்த கறிக்கு வந்தது. பிறகு அந்தக் கறியைத் தின்னக் கூடும் விருந்துக்கு. கடைசியில் அமெரிக்காவில் கறிமேல் தடவும் புளிப்பும் இனிப்புமான சாஸுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சாஸ் பட்டாலே போதும், தீயைக் காணாத டப்பாக் கறியும் பார்பிக்யூதான். பெரியம்மாவுக்குப் பதில் இதுதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? சோளக்கதிரைச் சுடுகிறோம், வாழையிலையை வாட்டுகிறோம். சுடுவது நேர்த்தீ, வாட்டுவது இளஞ்சூடு. 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை' என்று பொருநராற்றுப்படை சொல்வது இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறி. சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒற்றித் தின்றார்களாம். அது கம்பிக் கபாபுக்குப் பொருந்தும். நிதானமாகப் புகையில் வேகும் பார்பிக்யூவுக்கு 'வாட்டுக்கறி' என்பதே என் தேர்வு.

மச்சான் செய்தது இரண்டும் இல்லை, தொக்கு. டப்பாவை மூடியபின் சூடேற்றுவதால் உள்ளே கறி முன்பே வெந்திருக்கும். கிருஷ்ணகிரி மாங்கூழ் டப்பா கெடாமல் இருப்பதும் சூட்டால்தான். ஆகவே சாஸ் சுருண்டு கறி நன்றாகச் சூடேறினால் போதும். டப்பாக் கறியில் உப்பு முன்பே தூக்கல், மேற்கொண்டு போட வேண்டாம். டப்பாக் கறி மலிவு என்பது வெளிநாட்டுக் கணக்கு. நமக்கு பிராய்லரை வேகவைத்து உதிர்ப்பதே கட்டுப்படியாகும்.

சாண்ட்விச் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஊர். அந்த ஊர்ப் பட்டம் பெற்ற ஜான் மாண்டேகு பிரபுவால் ரொட்டிக்கு வந்த பெயர். ஊர்ப்பெயரை எதற்கு மொழிபெயர்ப்பது?

இரண்டாவது பன்னை எடுக்கும்போதே பெரியம்மா பெயர் வைத்துவிட்டார்: "அந்தத் தொக்கு பன்னு இன்னொண்ணு குடு."