பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் சர்வர் உள்ளே விடவில்லை

கடை பில் போடும் புரோகிராம் ஒன்றை ஜாவாவில் எழுதுகிறோம், அதை மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள சர்வரோடு இணைப்பது ஒரே ஒரு வரி. அந்த வரி ஓடும்போது நடப்பது தெரியாவிட்டால், எந்தப் பிழை வந்தாலும் பாஸ்வேர்டையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் அப்படி ஒரு மதியம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

புரோகிராம் முதலில் சர்வர் கணினியின் 3306ஆம் போர்ட்டை, அதாவது மைஎஸ்கியூஎல்லுக்கான எண்ணிட்ட கதவைத் தட்டுகிறது. அங்கே யாரும் காது கொடுக்கவில்லை என்றால் சட்டென்று 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வரும். உபுண்டு (லினக்ஸ்) கணினியில் மைஎஸ்கியூஎல் நிறுவியதும் 127.0.0.1 என்ற, அந்தக் கணினி தன்னையே குறிக்கும் முகவரியில் மட்டும்தான் கேட்கும், அதனால் அதே கணினியில் ஓடுகிற புரோகிராம் பக்கத்து மேசையிலிருந்து ஓடாது. பதிலே வராமல் இழுத்து, கடைசியில் டைம்அவுட் ஆனால் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலின் வேலை. இந்த இரண்டிலும் பாஸ்வேர்டு பற்றிய பேச்சே இன்னும் ஆரம்பிக்கவில்லை!

கதவு திறந்ததும் முதலில் பேசுவது சர்வர்தான். தன் பதிப்பு எண்ணோடு 20 பைட் தற்செயல் தரவையும் அனுப்புகிறது. வெகுகாலம் வழக்கில் இருந்த முறையில், புரோகிராம் அதையும் பாஸ்வேர்டையும் சேர்த்துக் குழப்பி ஒரு விடையைத் திருப்பி அனுப்பும். தரவு ஒவ்வொரு முறையும் மாறுவதால், நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்டு அந்த விடையைப் பிடித்தாலும் அடுத்த தடவை உதவாது. 2018இல் வந்த 8.0 பதிப்பு இந்த இயல்பு முறையையே மாற்றியது. புரோகிராமுக்கும் சர்வருக்கும் நடுவே பேசும் மென்பொருளான டிரைவர்களில் பழையவை பல அத்தோடு திணறின.

சரி, பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 1045 அல்லது 1130 என்று பிழை வருகிறதா? மைஎஸ்கியூஎல்லுக்குப் பயனர் என்பது பெயர் மட்டுமல்ல, பெயரும் அவர் வரும் இடமும் சேர்ந்தது. 'லோக்கல்ஹோஸ்ட்'டிலிருந்து, அதாவது சர்வர் இருக்கும் அதே கணினியிலிருந்து வரும் குமாரும் 192.168.1.20 என்ற முகவரியுள்ள வேறு கணினியிலிருந்து வரும் குமாரும் அதற்கு வேறு வேறு ஆட்கள். பிழைச்செய்தியிலேயே நீங்கள் வந்த இடம் எழுதியிருக்கும், நாம்தான் அதைப் படிப்பதில்லை.

இணைந்த பிறகும் ஒரு தொல்லை உண்டு. சும்மா கிடக்கும் இணைப்பை 28,800 வினாடிகள், அதாவது 8 மணி நேரம் கழித்து சர்வரே அறுத்துவிடும், புரோகிராமுக்கு அது தெரியாது. ராத்திரி மூடாமல் விட்ட கடைக் கணினியில் காலையில் முதல் பில் மட்டும் சொதப்புவது இதனால்தான். காத்திருப்பு நேரத்தைக் கூட்டி வைப்பதைவிட, ஒவ்வொரு பில்லுக்கும் இணைப்பைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவது எனக்குப் பிடித்த வழி.